கொழும்பில் நீண்டகால மக்கள் ஆய்வு: முதல் சுற்றில் குருதி, அளவீடு, முகவரி எல்லாம் எப்படி எடுப்பது?

வடகொழும்பான்

வணக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளி வரைக்கும் 35 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,500 பேரைத் தெரிவுசெய்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆய்வொன்றுக்கு நெறிமுறை எழுதிக்கொண்டிருக்கிறேன். குறைந்தது 15 வருடம் ஓட வேண்டும். இப்போதைக்கு எழுதியிருப்பது இதுதான்: காலை 6.30க்கு வீட்டுக்குப் போவது, வெறும் வயிற்றில் குருதி (சிவப்பு மூடிக் குழாய் ஒன்று, ஊதா மூடிக் குழாய் ஒன்று), உயரம், நிறை, இடுப்பு, குருதியமுக்கம், கேள்விக்கொத்து. மாதிரிகள் எல்லாம் ஐஸ் பெட்டியில் 11 மணிக்குப் பொரளைப் பக்கத்து ஆய்வுகூடத்துக்குப் போகும். மிச்சச் சீரம் (குருதி உறைந்த பிறகு பிரியும் தெளிநீர்) −80 பாகை உறைபெட்டி ஒன்றில். நிதி அதிகமில்லை. எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

ஊதாமூடி

தம்பி, அந்த ஐஸ் பெட்டியிலேயே இடிக்கும்.

சிவப்பு மூடிக் குழாயை எடுத்தவுடனே ஐஸில் வைத்தால் குருதி ஒழுங்காக உறையாது, சீரத்தில் நார் நாராக வரும், இயந்திரத்தின் ஊசி அடைபடும். அதைவிட மோசம் பொட்டாசியம். குளிரில் செங்குழியத்தின் சோடியம்-பொட்டாசியம் பம்பி நின்றுவிடும், உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே கசியும். ஆளுக்கு ஒன்றுமிராது, அறிக்கையில் மட்டும் 6க்கு மேல் நிற்கும். உறைவதற்கு அறை வெப்பநிலையில் நிமிர்த்தி வைத்து 30 நிமிடம் விடவேணும். குருதி உறைவைக் குறைக்கும் வோபரின் போன்ற மருந்து எடுப்பவருக்கு இன்னும் கூட நேரம் பிடிக்கும்.

குளுக்கோசுக்கு நேர்மாறு. பிரிக்காத குருதியில் குழியங்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பநிலையில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் குறையும். வெறும் வயிற்றில் 126 இருக்கிற ஆளின் குருதியை இரண்டு மணித்தியாலம் சும்மா வைத்திருந்தால் ஆய்வுகூடத்தில் 111 அளவில் வரும். நீரிழிவு என்று எழுத வேண்டியவர் "எல்லைக்கோட்டில்" என்று பதிவாகிவிடுவார். இங்கத்தை வெக்கையில் இன்னும் வேகமாய் இறங்கும். சாம்பல் மூடி (புளோரைட்) போட்டால் சரி என்று நினைப்பார்கள். புளோரைட் மெதுவாகத்தான் வேலைசெய்யும், முதல் ஒன்றிரண்டு மணித்தியாலம் அளவு இறங்கிக்கொண்டே இருக்கும். அதால் சாம்பல் மூடியை ஐஸும் தண்ணியும் கலந்த பாத்திரத்தில் உடனே வைத்து 30 நிமிடத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்கவேணும். சிட்ரேற் கலந்த குளுக்கோஸ் குழாய் கிடைத்தால் இந்த அவசரம் குறையும், ஆனால் விலை கூட.

ஆக இரண்டு பெட்டி. ஒன்று ஐஸ் தண்ணி, மற்றது 20 முதல் 25 பாகைக்குள் நிற்கிற மாதிரி ஏசி அறையில் வைத்தெடுத்த ஜெல் பொதி போட்ட பெட்டி. முச்சக்கரவண்டிச் சீற்றுக்குப் பின்னால் வெறும் பெட்டியை வைத்துவிட்டு அதை அறை வெப்பநிலை என்று படிவத்தில் எழுதக்கூடாது.

குழாய் எடுக்கும் ஒழுங்கு: சிட்ரேற், சீரம், ஹெப்பாரின், ஈடிடிஏ, கடைசியில் புளோரைட். ஊதா மூடியில் இருப்பது பொட்டாசியம் ஈடிடிஏ, கல்சியத்தைப் பிடித்துக் குருதியை உறையவிடாமல் வைக்கும் உப்பு. அதன் சொட்டு சீரக் குழாய்க்குள் போனால் பொட்டாசியம் ஏறும், கல்சியம் விழும். இரண்டும் சேர்ந்து கோணலாய் வந்தால் களத்தில் யாரோ ஒழுங்கு மாற்றி எடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஊற்றியிருக்கிறார்கள். குருதி எடுக்கக் கையில் இறுக்கும் கட்டுப்பட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஊதாவையும் சாம்பலையும் 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் செங்குழியம் உடையும்.

வடகொழும்பான்

நன்றி அக்கா. அப்படியென்றால் வீடு வீடாகப் போவதே சரிவராது போல. 30 நிமிடத்துக்குள் பிரிப்பதற்குச் சுழற்றி இயந்திரம் எங்கே இருக்கும்?

ஊதாமூடி

மண்டபம் எடுங்கள். சனசமூக நிலையமோ கோயில் மண்டபமோ பள்ளிக்கூட வகுப்பறையோ, இரண்டு பிளக் பொயின்ற், கைகழுவ இடம், திரைகட்ட மூலை ஒன்று இருந்தால் போதும். சிறிய சுழற்றியை மேசையில் வைத்து அங்கேயே பிரிக்கலாம். நடக்கமுடியாத ஆட்களுக்கு மட்டும் வீட்டு வருகை. அவர்களின் மாதிரி வேறு விதமாய் வந்தது என்று படிவத்தில் தனிக் கட்டம் வையுங்கள். வீட்டில் குருதி எடுக்கப்படுகிறவர்கள் வயதில் கூடினவர்கள், நோயாளிகள். அவர்களின் குளுக்கோஸ் மட்டும் ஒழுங்காகக் குறைந்து வந்தால் முதுமை நீரிழிவைத் தடுக்கிறது என்று கட்டுரை எழுதவேண்டி வரும்.

"3,000 சுழற்சி, 10 நிமிடம்" என்று நெறிமுறையில் எழுதாதீர்கள். அடுத்த சுற்றில் வேறு சுழற்றி வரும், அதே 3,000 வேறு விசையைத் தரும். விசையை ஜி அலகில் எழுதவேணும். கணக்கு: 1.118 ஐ ஒரு இலட்சத்தால் பிரித்து, ஆரையால் (சென்ரிமீற்றர், அச்சிலிருந்து குழாயின் அடிவரை) பெருக்கி, நிமிடச் சுழற்சியின் வர்க்கத்தால் பெருக்குங்கள். ஆரை 10 என்றால் 3,000 சுழற்சிக்கு 1,006 ஜி, ஆரை 16 என்றால் 1,610 ஜி. சீரத்தையும் குழியங்களையும் பிரித்து வைக்கும் ஜெல் உள்ள குழாய்க்கு, தொங்கும் வாளியுள்ள சுழற்றியில், 1,000 முதல் 1,300 ஜி 10 நிமிடம் என்றுதான் உற்பத்தியாளர் தாளில் வழக்கமாகப் போட்டிருப்பார்கள். சாய்வு நிலையில் பிடிக்கும் வகை என்றால் 15 நிமிடம். ஜெல் சரியாக இருக்கவில்லை என்று இரண்டாம் தடவை சுழற்றாதீர்கள். ஜெல்லுக்குக் கீழே நின்ற பொட்டாசியம் மேலே வந்துவிடும்.

நாடாக்காரன்

குருதிக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள் அமுக்கத்தையும் நாடாவையும் மூன்று நாள் பயிற்சியோடு விட்டுவிடுவார்கள். 15 வருடத்தில் அதிகம் பாவிக்கப்படப்போகும் இலக்கம் குருதியமுக்கம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் தொற்றாநோய்க் கணக்கெடுப்பான ஸ்டெப்ஸ் முறைப்படி 15 நிமிடம் அமைதியாக இருக்கவிட்டு, மூன்று தடவை, இடையில் மூன்று நிமிடம், கடைசி இரண்டின் சராசரி. மண்டபத்தில் இது நடக்கவேண்டுமானால் கேள்விக்கொத்தை அமுக்கத்துக்கு முன்னால் வைக்கவேணும், குருதி எடுப்பதைப் பின்னால் வைக்கவேணும். ஊசியைப் பார்த்த பிறகு அளந்தால் ஏறித்தான் நிற்கும். அளக்கும்போது கதைக்கக்கூடாது, ஆளும் சரி அளப்பவரும் சரி. கால் மேல் கால் போடக்கூடாது. கை இதய மட்டத்தில். மேசை தாழ்வாக இருந்து கை 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கினால் 7, 8 அலகு கூடக் காட்டும். வாடகைக் கதிரை மேசையோடு வேலைசெய்யும்போது இதுதான் முதல் பிரச்சினை. கைக்குக் கீழே மடித்து வைக்கத் துணியோ தலையணையோ கொண்டுபோங்கள்.

பட்டி அளவு: கைச்சுற்றளவை நாடாவால் அளந்து எழுதிவிட்டுத்தான் பட்டியைத் தெரிவுசெய்யவேணும். பொதுவாக வரும் தானியங்கிக் கருவிகளில் நடுத்தரப் பட்டி 22 முதல் 32 சென்ரிமீற்றருக்கு, அதற்கு மேல் பெரியது. பருத்த கைக்கு நடுத்தரப் பட்டியைக் கட்டினால் அமுக்கம் கூடிக் காட்டும். அந்த ஆள் அடுத்த சுற்றில் மெலிந்து வந்தால் பட்டி சரியாகிவிடும், அமுக்கமும் "குறைந்துவிடும்". இன்னொன்று, சாரிச் சட்டையின் இறுக்கமான கையை மேலே சுருட்டிவிட்டு அளப்பது. சுருட்டின கையே கட்டுப்பட்டி மாதிரி இறுக்கும். பெண்கள் தளர்வான கையுள்ள உடுப்போடு வரச் சொல்லி அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். திரைக்குப் பின்னால் பெண் அளப்பாளர் கட்டாயம்.

இடுப்பு: கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் உச்சியையும் விரலால் தொட்டுப் பேனையால் அடையாளமிட்டு, இரண்டுக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட முடிவில். தொப்புளுக்கு நேரே என்று யாராவது சுருக்குவழி சொல்லிக்கொடுத்தால், வயிறு சரிந்த ஆட்களில் சில சென்ரிமீற்றர் மாறிவிடும். தென்னாசியருக்கு எல்லை ஆண் 90, பெண் 80 என்பதால் அந்தச் சில சென்ரிமீற்றரே ஆளைப் பிரிவு மாற்றிவிடும்.

உயரத்துக்குக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லவேணும், சங்கடப்படாமல். நிறைத்தராசு பாய் மேல், கார்ப்பெற் மேல் வேண்டாம், சீமெந்துத் தரையில். ஒவ்வொரு காலையும் 20 கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்து எழுதுங்கள். அந்தக் கொப்பிதான் ஐந்து வருடத்துக்குப் பிறகு தராசு நகர்ந்ததா, சனம் பருத்ததா என்று சொல்லும்.

சமுதாய மருத்துவம்

வெறும் வயிறு என்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. "இரவு 10 மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சொல்பவர் காலை பிளேன்ரீ குடித்திருப்பார். தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் வராது என்றே நம் சனத்தில் பலர் நினைக்கிறார்கள், சீனி போட்டதாக இருந்தாலும். ஆகவே "சாப்பிட்டீர்களா" என்று கேட்காமல், "கடைசியாக வாயில் என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்கு" என்று கேட்டு நேரத்தை எழுதுங்கள். மாறாக, விரதம் போலத் தண்ணியும் குடிக்காமல் வருகிறவரும் இருக்கிறார். அவரில் நரம்பும் பிடிபடாது, குருதியும் செறிந்திருக்கும். தண்ணி குடிக்கலாம் என்று பெரிய எழுத்தில் மூன்று மொழியிலும் போடுங்கள். ரமழான் மாதத்தில் களத்தை நிறுத்துவது நல்லது. விடிய முன் சாப்பாடும் பகல் நோன்பும் வந்தால் எட்டு மணித்தியால வெறும் வயிற்றுக் கணக்கே வேறு.

வெறும் வயிற்றுக் குளுக்கோஸ் ஒன்றை மட்டும் நம்பவேண்டாம், ஊதா மூடியிலிருந்து எச்பிஏ1சியும் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு) பாருங்கள். 4 பாகையில் ஒரு கிழமை அளவில் தாங்கும், சாப்பிட்டிருந்தாலும் பிரச்சினையில்லை.

ஊதாமூடி

டொக்டர், எச்பிஏ1சியைக் குளுக்கோசுக்குப் பதிலாக வைக்கச் சொல்லவில்லைத்தானே? இரும்புச்சத்துக் குறைவில் அது கூடிக் காட்டும், செங்குழியம் சீக்கிரம் அழிகிற நிலைகளில் குறைத்துக் காட்டும். பரம்பரைக் குருதிக் குறைபாடான தலசீமியாவின் காவிகளும் ஹீமோகுளோபின் ஈ என்ற மாறின வகை உள்ளவர்களும் இங்கே இருக்கிறார்கள், சில பரிசோதனை முறைகள் அவர்களில் தடுமாறும். முழுக்குருதி எண்ணிக்கையும் அதே ஊதாக் குழாயில் அன்றே பார்த்து வைத்தால்தான் பிறகு விளங்கப்படுத்தலாம்.

சமுதாய மருத்துவம்

பதிலாக இல்லை, கூடவே. 35 முதல் 50 வரையான பெண்களில் இரும்புச்சத்துக் குறைவு கணிசமாக இருக்கும், அந்த வகையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒன்றைத்தான் வைக்கலாம் என்று நிதி சொன்னால் நான் எச்பிஏ1சியை வைப்பேன். மணித்தியாலத்துக்கு 6 வீதம் கரையும் ஒரு அளவை வெள்ளவத்தைப் பக்கம் மழைவெள்ளமும் காலி வீதி நெரிசலுமாய் இருக்கிற ஒரு நகரத்தில் 15 வருடம் ஒரே தரத்தில் காப்பாற்ற முடியுமா என்பது என் சந்தேகம்.

ஊதாமூடி

மண்டபத்தில் பிரித்தால் காப்பாற்றலாம். இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுவம்.

தரவுச்சுவர்

அடையாள இலக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை ஆய்வு இலக்கமாகவோ குழாய் லேபலிலோ போடவே வேண்டாம். அதிலேயே பிறந்த திகதியும் பாலும் இருக்கின்றன: பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கமாக இருக்கும். ஒரே ஆளிடம் இரண்டு அட்டையும் இருக்கலாம். பழையதன் முன்னால் 19 போட்டு, நாள் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் நுழைத்தால் புதியதன் இலக்கம் வரும், கடைசி எழுத்து போய்விடும். இது தெரியாமல் இரண்டையும் ஒப்பிட்டால் ஒரே ஆளை இரண்டு தடவை சேர்த்துவிடுவீர்கள்.

பிறந்த திகதியைச் சரிபார்க்க இதைப் பாவிக்கலாம், ஒரு பொறி இருக்கிறது. நாள் எண்ணும்போது எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. மார்ச் 1 எப்போதும் 61. மென்பொருளில் சாதாரண வருட நாட்காட்டியை வைத்து மாற்றினால் லீப் அல்லாத வருடங்களில் மார்ச் 1 முதல் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிந்திவரும்.

பெயர்: முதலெழுத்து தகப்பன் பெயரா, ஊரா, கல்யாணத்துக்குப் பிறகு மாறினதா என்று பிரித்துக் கேளுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் அட்டையில் உள்ளபடி ஒரு தடவை. சிவகுமாரும் சிவகுமாரனும் ஆங்கிலத்தில் நாலு விதமாய் எழுதப்படும், வைத்தியசாலைப் பதிவில் ஐந்தாவது விதம் இருக்கும். இணைக்கும்போது பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த திகதி, தாயின் பெயர், பழைய முகவரி எல்லாம் வைத்துப் புள்ளி போட்டுத்தான் முடிவெடுக்கவேணும்.

ஆய்வு இலக்கத்துக்குக் கடைசியில், தட்டச்சுப் பிழையைப் பிடிக்கிற சரிபார்ப்பு இலக்கம் ஒன்று சேருங்கள். பெயர்-இலக்க இணைப்புப் பட்டியலைத் தனிக் கணினியில், தனி ஆள் பொறுப்பில். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தரவும் மரபணுத் தரவும் விசேட வகை. ஆய்வுக் குழு முழுவதும் ஒரே எக்செல் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பி விளையாடும் காலம் போய்விட்டது.

நாடாக்காரன்

ஆட்களைத் தொலைக்காமல் இருப்பதைப் பற்றி. வட கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடிவீடுகளுக்கு மாறிப்போகிறவர்கள் கனக்க. "112/34" என்ற முகவரி மூன்று வருடத்தில் இடிபட்டு இல்லாமல் போகலாம். ஒவ்வொரு ஆளிடமும் வேறு வீட்டில் இருக்கும் மூன்று பேரின் தொடர்பு எடுங்கள், அதில் ஒன்றாவது கொழும்புக்கு வெளியே, யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ மலையகமோ. பிறீபெய்ட் இலக்கம் மாறும், மகளின் வட்ஸ்அப் இலக்கம் மாறாது. வருடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, பொங்கலுக்கோ புதுவருடத்துக்கோ ஒரு அட்டை. மூன்று வருடம் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு ஊசியோடு போய் நின்றால் கதவு திறக்காது. அப்பகுதிக் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே கடிதம்.

இறப்பு: வீட்டில் இறந்தவரின் சான்றிதழில் காரணம் தெளிவில்லாமல் இருக்கும். குடும்பத்தாரிடம் வாய்மொழிப் பிரேதவிசாரணை (இறக்க முன் இருந்த அறிகுறிகளை வைத்துக் காரணம் கணிக்கும்) வினாக்கொத்து வைத்துக் கேட்கவேணும். ஒரு மாதமளவில் வரும் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை போகாதீர்கள். மிகவும் பிந்தினால் அறிகுறிகளின் ஒழுங்கு மறந்துபோகும்.

வடகொழும்பான்

உறைபெட்டி ஒன்றுதான் வாங்கலாம். அது போதுமா?

உறைபெட்டி

ஒன்று போதாது, இரண்டு வாங்க முடியாது என்றால் வேறு நிறுவனத்தின் பெட்டியில் ஒரு தட்டு கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஆளின் சீரத்தையும் 0.5 மில்லிலீற்றர் குப்பிகளாகப் பிரித்து, பாதி இங்கே, பாதி அங்கே. 10 மில்லிலீற்றர் குருதியில் 4 முதல் 5 மில்லிலீற்றர் சீரம் வரும், ஆக எட்டுக் குப்பி அளவில். பெரிய குப்பியில் வைத்தால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் உருக்கி உறைய வைக்கவேண்டி வரும். குப்பியை முட்ட நிரப்பாதீர்கள், உறையும்போது விரிந்து மூடி தூக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, டீசலும் இல்லை. ஜெனரேற்றர் இருக்கிறது என்ற ஒரு வரியால் மாதிரி காப்பாற்றப்படாது. எரிபொருள் யார் வாங்குவது, இரவில் யாருக்கு அழைப்பு வரும், −60ஐத் தாண்டினால் எந்தப் பெட்டிக்கு மாற்றுவது என்று பெயர்போட்டு எழுதவேணும். எச்சரிக்கைக் கருவி பெட்டியின் மின்னிலேயே ஓடக்கூடாது, தனி பற்றரியும் சிம்மும் வேண்டும். காலியான தட்டுகளை உறைந்த தண்ணிப் போத்தலால் நிரப்பினால் மின் போனபிறகு மெதுவாகத்தான் ஏறும். அறைக்கு ஏசி வேண்டும். 32 பாகை அறையில் கொம்பிரசர் ஓயாமல் ஓடிக் கெட்டுவிடும். காற்று வடியை மாதமொருமுறை துடையுங்கள்.

களத்தில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் தற்காலிகமாக வைப்பதைத் தவிருங்கள். பனி தானாக உருகும் வகைகள் அடிக்கடி சூடேறி இறங்கும், மாதிரி அதோடு சேர்ந்து உருகி உறையும்.

சமுதாய மருத்துவம்

ஒப்புதல் படிவத்தில் எதிர்காலப் பரிசோதனை, மரபணு, வெளிநாட்டுக்கு அனுப்புவது மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். விலகுவதையும் தரம் பிரிக்கவேணும். பெரிய நீண்டகால ஆய்வான பிரித்தானிய பயோபேங்கில் மூன்று நிலை: இனித் தொடர்புகொள்ளாதே, இனிப் பதிவேடுகளையும் பார்க்காதே, இருப்பதையும் பாவிக்காதே. இதில் முதலாவதைக் கேட்பவரைக் கடைசி நிலையில் போட்டு மாதிரியை அழித்துவிடுவது பெரிய நட்டம். மறுவளமாய்ச் செய்தால் ஒழுக்கக் குற்றம்.

ஆபத்தான முடிவு வந்தால் என்ன செய்வது என்பதையும் இலக்கத்தோடு எழுதுங்கள். அமுக்கம் 180/110ஐத் தாண்டினால் அன்றே கடிதத்தோடு வைத்தியசாலைக்கு, பொட்டாசியம் 6ஐத் தாண்டினால் செங்குழியம் உடைந்த குருதி மாதிரியா என்று பார்த்துவிட்டு அன்றே தொலைபேசி. மற்ற முடிவுகள் அவரின் கிளினிக் கொப்பியில் ஒட்டக்கூடிய அளவில் ஒரு தாளில். அடுத்த சுற்றுக்கு ஆள் வருவதற்கு அந்தத் தாள் பெரிய காரணம்.

உள்ளூர் முன்மாதிரி வேண்டுமென்றால் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை ஆய்வைப் பாருங்கள், 2007இல் 35 முதல் 64 வயதினரோடு தொடங்கி 2014இல் திரும்பப் பார்த்தது. கொழும்பு மாவட்ட இரட்டையர் ஆய்வில் வளர்சிதைமாற்ற அளவீடுகள் இரண்டாம் சுற்றில்தான் சேர்ந்தன. பிறகு சேர்க்கும் எதற்கும் ஆரம்பப் பெறுமானம் இராது. அதால்தான் முதல் சுற்றில் இன்றைக்குப் பரிசோதிக்கப் பணமில்லாத குப்பியையும் உறையவைக்கச் சொல்கிறோம்.

ஊதாமூடி

இரண்டாம் சுற்றில் ஆய்வுகூடம் முறை மாற்றும், அதையும் இப்பவே யோசியுங்கள். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியற்றினினை ஜஃபே என்ற பழைய நிற முறையில் பார்த்துவிட்டுப் பிறகு நொதிய முறைக்குப் போனால், குளுக்கோஸ், கீற்றோன் குறுக்கீடு இல்லாமல் அளவு குறையும். வடிகட்டும் வீதத்தைக் கணித்தால் எல்லோருடைய சிறுநீரகமும் திருந்தின மாதிரி இருக்கும். முதல் சுற்றுக் குப்பிகளில் குறைவு, நடு, கூடிய அளவு என்று பரந்த நூறு அளவில் எடுத்துப் புது முறையில் திரும்ப ஓட்டினால் மாற்றக் கணக்கு கிடைக்கும். இதற்கென்றே தனிக் குப்பி ஒதுக்கி "தொடாதே" என்று குறியுங்கள்.

மாதிரிகளைச் சுற்று வாரியாக அடுக்கி ஓட்டாதீர்கள். ஒரே ஆளின் முதல், இரண்டாம் சுற்றுக் குப்பிகளை ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஆட்களின் ஒழுங்கைக் குலுக்கிப் போடுங்கள். நூற்றுக்கு ஐந்து அளவில் ஒரே ஆளின் குருதியை வேறு இலக்கத்தில் இரகசியமாக அனுப்புங்கள். ஆய்வுகூடம் தன் தரக் கட்டுப்பாட்டை எப்படியும் அழகாகத்தான் காட்டும்.

வடகொழும்பான்

எல்லோருக்கும் நன்றி. மண்டபம், இரண்டு பெட்டி, சாம்பல் மூடி, முழுக்குருதி எண்ணிக்கை சேர்க்கிறேன். கடைசியாக ஒன்று: நடக்கமுடியாதவர்களுக்கு விரல்நுனியில் குத்திக் குருதி உறிஞ்சும் வடிதாளில் எடுத்தால் சமாளிக்கலாமா? லேபலுக்கு என்ன பாவிப்பது?

ஊதாமூடி

வடிதாள் எடுக்கலாம், எச்பிஏ1சிக்கும் சில எதிர்ப்பொருளுக்கும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை வட்டத்துக்குள் ஒரே தொடுகையில் விடவேணும். ஒன்றின் மேல் ஒன்று சொட்டினால் அளவு பிழைக்கும். கிடையாக, வெயில்படாமல் மூன்று மணித்தியாலமாவது காயவேணும் என்பார்கள். இங்கத்தை ஈரப்பதத்தில் இரவு முழுக்க விடுங்கள், விசிறிக் காற்றை நேரே படவிடவேண்டாம். பிறகு காற்றுப்புகாத பையில் ஈரமுறிஞ்சிப் பொதியும் ஈரங்காட்டி அட்டையும் போட்டு மூடுங்கள். அட்டை நிறம் மாறினால் பொதியை மாற்றுங்கள். கை நரம்பில் குழாயால் எடுத்த குருதி முடிவோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஐம்பது பேரிலாவது இரண்டையும் ஒன்றாக எடுத்து மாற்றக் கணக்குப் போட்டபிறகுதான் கலக்கலாம்.

லேபல் ஆழ்குளிருக்கென்று விற்கும் வகை, வெப்பமாற்ற அச்சு, குப்பி காய்ந்திருக்கும்போது, உறைய முன் ஒட்டுங்கள். சாதாரண ஒட்டுத்தாள் −80இல் உரிந்து தட்டின் அடியில் கிடக்கும். பார்கோட்டுக்குக் கீழே கண்ணால் வாசிக்கக்கூடிய இலக்கமும் வேணும், வருடிக் கருவியின் சார்ஜ் இறங்கினாலும் வேலை நிற்கக்கூடாது. சோதிக்க வேண்டுமானால் வெற்றுக் குப்பியில் தண்ணி விட்டு ஒட்டி, இரண்டு கிழமை உறைபெட்டியில் வைத்து, எடுத்து ஈரக்கையால் தேய்த்துப் பாருங்கள்.

உறைபெட்டி

அந்தச் சோதனையை வாங்கமுதல் செய்யுங்கள், கடைக்காரரிடம் ஒரு கீற்று மாதிரி கேட்டால் தருவார்.

வடகொழும்பான்

சரி. திருத்திய நெறிமுறையை ஒழுக்கவியல் குழுவுக்குப் போடமுதல் இங்கேயே இணைக்கிறேன். நாடாக்காரன் அண்ணை, அளப்பாளர் படிவத்தைப் பார்த்துத் தாருங்கள், கைச்சுற்றளவுக் கட்டத்தை அமுக்கத்துக்கு முன்னால் மாற்றியிருக்கிறேன்.